நாலு நூறும் நாலு தொள்ளாயிரமும்

என் நாட்குறிப்புகளில் அவருக்குப் பெயர் இல்லை. ‘செக்காலை போனேன்’, ‘செக்காலையில் சொன்னது’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். செக்காலை ரோட்டில் எனக்கு வேறு வேலைகளும் இருந்தன. ஆகவே இன்று எடுத்துப் படித்தால், ஒரு குறிப்பிட்ட மாலையில் அவர் கடைக்குப் போனேனா, மாவு அரைக்கப் போனேனா என்று பிரித்துச் சொல்ல முடியாத பக்கங்கள் சில உண்டு. இதை அவரிடம் காட்டியிருந்தால் என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கியிருப்பார்.

அவருடைய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. குறுகலான படி. ஏறி முடித்ததும் கண்ணில் படுவது அவருடைய வலது கைதான். மவுஸைப் பிடித்திருக்கும். ஆனால் ஆள்காட்டி விரல் மட்டும் பொத்தானில் படாமல் மேலே தூக்கியபடி நிற்கும். திரையில் உள்ளதை மேலிருந்து கீழே வரை படித்து முடிக்காமல் அந்த விரல் இறங்காது. வந்தவர்களை உட்காரச் சொல்வதும், மின்விசிறியைக் கூட்டச் சொல்வதும் இடது கைதான். அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். ஊரில் எல்லோருக்கும் அவர் கம்ப்யூட்டர் அக்கா. எனக்கும் அக்காதான்.

நான் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். எங்கள் கணினி ஒன்றில் தமிழ்த் தட்டச்சுக்கான மென்பொருள் கெட்டுப்போனபோது முதன்முதலாக அவரிடம் போனேன்.

“மணிவிசை போடணும்க்கா.”

“எது?”

“மணிவிசை.”

“அது பேரு சார். எதுன்னு கேட்டேன்.”

திரையை என் பக்கம் திருப்பினார். மணிவிசை, மணிவிசை ப்ளஸ், நியூ மணிவிசை, மணிவிசை 2, மணிவிசை ஃபைனல், மணிவிசை ஃபைனல் நியூ என்று வரிசையாக நின்றன. எனக்கு அதில் குழப்பம் எதுவும் தெரியவில்லை. நியூ என்று போட்டிருப்பதைப் போட்டுவிடலாமே என்றேன்.

“நம்ம புது பஸ் ஸ்டாண்டு எப்பக் கட்டுனது சார்?”

“அது இருக்கே ரொம்ப வருசமா.”

“இன்னமும் புது பஸ் ஸ்டாண்டுன்னுதானே ஆட்டோல ஏறுறீக? பேரு வச்ச அன்னைக்கு அது புதுசு. பெறகு பேரு மட்டும் புதுசாவே நிக்கும், சாமான் பழசாயிரும்.”

“அப்ப ஃபைனல்?”

“அந்த ஃபைனலுக்கு அப்புறம் ஃபைனல் நியூன்னு ஒண்ணு வந்திருக்கே, பாத்தீகளா? அப்ப மொத ஃபைனல் என்னத்த முடிச்சுச்சு?”

பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். யார் செய்தது, எந்தத் தளத்திலிருந்து வருகிறது, என்ன தேதி என்று பார்த்துவிட்டு, கடைசியாக எடையைப் பார்த்தார். கோப்பின் அளவை அவர் எடை என்றுதான் சொல்வார். “இதுவும் அதுவும் ஒரே எடை. ஒரே சாமானுக்கு ரெண்டு பேரு வச்சிருக்கானுக” என்பார். “எடை ரொம்பக் கம்மியா இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல, வெறும் வாசல்தான்” என்பார். அன்று அவர் தேர்ந்தெடுத்தது எந்த அடைமொழியும் இல்லாத வெறும் மணிவிசை. அதுதான் கடைசியாக வந்தது. செய்தவர்களுக்கு அடைமொழிகள் அலுத்துப்போய் மறுபடி பழைய பெயருக்கே வந்திருந்தார்கள்.

எடை என்ற சொல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. அவர் அப்பாவுக்கு நகைப் பட்டறை. கல்யாணமாகும் வரை அங்கே தராசுக்கு முன்னால் உட்கார்ந்தவர் இவர்தான். அதனால் பதிப்பு எண்களையும் அவர் எடையைப் படிப்பது போலவே படித்தார். இரண்டு புள்ளி ஐந்து என்று சொல்ல மாட்டார், ‘ரெண்டு ஐநூறு’ என்பார். அதாவது இரண்டு கிராம், ஐநூறு மில்லி. மூன்று புள்ளி இரண்டு என்பது ‘மூணு இருநூறு’. புள்ளி என்ற சொல்லே அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. முதல்முறை வருபவர்கள் விலை சொல்கிறார் என்று நினைத்துச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். நாலைந்து முறை போனபின் எனக்கு அது பழகிவிட்டது. வீட்டிலும் ஒருமுறை ‘ரெண்டு ஐநூறு போட்டிருக்கேன்’ என்று சொல்லி, எதை வாங்கினீர்கள் என்று மனைவி கேட்க நேர்ந்தது.

கீழச்சிவல்பட்டியிலிருந்து ஓர் ஆச்சி வருவார். பெரிய வீட்டுப் பெண்களை அங்கே வயது பார்க்காமல் ஆச்சி என்பார்கள், இவர் ஐம்பது வயதுகூட ஆகாதவர். அவருடைய மகன் சிங்கப்பூரில் இருந்தான். கைபேசியில் வீடியோ அழைப்புக்கான ஆப் அழிந்துபோய்விட்டது, மறுபடி ஏற்ற வேண்டும். தேடினால் அதே பெயரில், கிட்டத்தட்ட அதே பச்சை நிறத்தில் இரண்டு வந்தன.

“ரெண்டும் ஒண்ணுதானே, எதையாச்சும் போடு ஆத்தா” என்றார் ஆச்சி.

“உங்க மகன் பேரும் உங்க மாமனார் பேரும் ஒண்ணுதானே ஆச்சி?”

“ஆமா. அய்யா பேரைத்தானே பேரனுக்கு வைக்கிறது.”

“வாசல்ல நின்னு அந்தப் பேரைச் சொல்லி ஒருத்தர் கூப்புடுறாரு. யாரை எழுப்பி விடுவீக?”

“யாரு தேடி வந்திருக்காகன்னு கேப்பேன். பெரியவரையா, சின்னவரையான்னு கேப்பேன்.”

“அதத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன். இதுல ஒண்ணு பெரியவரு. இன்னொன்னு அவரு பேரைச் சொல்லிக்கிட்டு வீட்டுக்குள்ள வர்ற ஆளு.”

“நீ என்ன போலீஸ்ல இருந்தியா?” என்றார் ஆச்சி. பிறகு என்னைப் பார்த்து, “கேட்டீகளா, என் மாமனாரையும் கம்ப்யூட்டருக்குள்ள கொண்டுபோயிட்டா” என்றார். ஆனாலும் அந்த ஆச்சி அதற்குப் பிறகு வேறு கடைக்குப் போகவில்லை.

கல்லல் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறார். விவசாயம் பார்ப்பவர், மகளின் படிப்புக்காக ஒரு பழைய லேப்டாப் வாங்கியிருந்தார். தானே ஒரு மென்பொருளை இறக்கிப்போட்டு, அது ஆமை போல ஓடுகிறது என்று தூக்கிக்கொண்டு வந்தார். இறக்கும் பக்கத்தில் 86 என்று ஒன்றும் 64 என்று ஒன்றும் இருந்ததாம். 86-ஐப் போட்டிருந்தார்.

“ஏண்ணே இதப் போட்டீக?” என்றார் அக்கா.

“பெருசு அதானேக்கா? காசு ரெண்டுக்கும் கேக்கல. சும்மா குடுக்கும்போது சின்னதையா எடுப்பாக?”

அன்று அக்கா சிரித்த மாதிரி நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. விரல் பொத்தானில் பட்டுவிடும் என்று மவுஸிலிருந்து கையையே எடுத்துவிட்டுச் சிரித்தார். பிறகு சொன்னார்: “அண்ணே, அந்த எண்பத்தாறு ஒரு பழைய சிப்போட பேருலேருந்து வந்தது. நம்ம வீட்டு மாட்டுக்குக் காதுல நம்பர் குத்துறாகல்ல, அது மாதிரி. எண்பத்தாறாம் நம்பர் மாடு, அறுபத்துநாலாம் நம்பர் மாட்டைவிடப் பால் கூடக் கறக்குமா?”

“கறக்காது.”

“இந்த அறுபத்துநாலு வேற கணக்கு. மெசினு ஒரு வாய்க்கு எம்புட்டு அள்ளும்ங்கிறது.”

“அப்ப ஒண்ணு காது நம்பரு, இன்னொண்ணு வாய்க் கணக்கா? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டா வெள்ளாமை பாக்குற சம்சாரிக்கு எப்புடிக்கா தெரியும்?”

“அதான் தெரியக்கூடாதுன்னு போட்டிருக்கானுக” என்றார் அக்கா. யாரும் வேண்டுமென்றே அப்படிச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பெயர் வைப்பவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் ஏய்க்கிறார்கள் என்பது அவர் உள்ளத்தில் ஊறிப்போயிருந்தது.

அதில் தொல்லையும் இருந்தது. ஒருநாள் ஓர் இளைஞர் தேர்வுக்கான நுழைவுச் சீட்டை அச்சிட வேண்டுமென்று மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கோப்பைத் திறக்க ஒரு சின்ன மென்பொருள் தேவைப்பட்டது. அந்தப் பக்கத்தில் ‘டவுன்லோடு’ என்று மூன்று பொத்தான்கள் இருந்தன. எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பச்சையாக இருப்பது நமக்கானது இல்லை என்பது அக்காவின் கொள்கை. விளம்பரம்தான் அப்படிப் பளபளக்கும், உண்மையான சாமான் ஓரமாகச் சின்ன எழுத்தில் கிடக்கும் என்பார். அன்றும் விரலைத் தூக்கியபடி ஒவ்வொரு வரியாகப் படித்தார். இளைஞர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் எழுந்து எதிர்க் கடைக்குப் போய்விட்டார். அங்கே எதைக் கேட்டாலும் ஒரே நிமிடத்தில் போட்டுக்கொடுப்பார்கள்.

“போகட்டும். அங்கன கண்டதப் போட்டுக்கிட்டு, நாளைக்குத் திரும்ப என்கிட்டத்தான் வருவாரு” என்றார் அக்கா, தலையைத் திருப்பாமல். அந்த இளைஞர் திரும்ப வரவில்லை. வந்தாரா என்று அடுத்த வாரம் விசாரித்தேன், அக்கா மின்விசிறியைக் கூட்டச் சொன்னார்.

அவர் கணவர் மினி பஸ் ஓட்டினார். மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்கு வருவார். அவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: “சார், வீட்ல சோறு போடுன்னா எந்தச் சோறுன்னு கேக்குது. காலையில வச்சதா, இப்ப வச்சதான்னு. பசிக்கிற மனுசன் தேதி பாத்தா திம்பான்?”

“கெட்டுப்போனதத் தின்னுட்டு ராத்திரி யாரு முழிக்கிறது?” என்றார் அக்கா திரையைப் பார்த்தபடியே. கணவர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

இனி முருகானந்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில், வரும் அழைப்புகளை அந்தந்தப் பிரிவுக்கு இணைத்துவிடும் தொலைபேசிப் பலகையில் இருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். முப்பது வயது. கல்லலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். குரலை வைத்து ஆளையும், காலடியை வைத்து அவருடைய அவசரத்தையும் சொல்லிவிடுவார். எல்லோர் கையிலும் கைபேசி வந்துவிட்டதால், அந்தக் கல்வி ஆண்டோடு தொலைபேசிப் பலகையை எடுத்துவிடுவது என்று நிர்வாகம் முடிவு செய்தது. பலகை போனால் அவர் வேலையும் போகும். அதே சமயம் தபால் பிரிவில் எழுத்தர் இடம் ஒன்று காலியானது. அதை எனக்குக் கொடுங்கள் என்று முருகானந்தம் நேரே செயலாளரிடம் போய்க் கேட்டுவிட்டார்.

செயலாளர் கெட்டவர் அல்ல, சந்தேகம் உள்ளவர். “திங்கக்கிழமை என் ரூமுக்கு வரட்டும். அன்னைக்கு வந்த கடிதத்தைத் தானே படிக்கணும், தானே பதில் தட்டணும். பக்கத்துல யாரும் சொல்லிக் கொடுக்கக்கூடாது. செஞ்சா இடம் அவருக்கு. இல்லேன்னா நான் வேற ஆளைப் பாக்கணும்” என்றார். அலுவலகத்தின் புது லேப்டாப் ஒன்றையும் கொடுக்கச் சொன்னார்.

திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. அதன் பெயரை ஒலிவிழி என்று வைத்துக்கொள்வோம். அதைப் போட்டு, அதற்குமேல் தமிழ்க் குரலையும் தனியாகப் போட வேண்டும். எங்களுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை தமிழில்தான். ஆங்கிலக் குரலிடம் தமிழ் எழுத்தைக் கொடுத்தால் அது ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். முருகானந்தத்தின் கைபேசி தமிழில் பேசும். ஆனால் கடிதம் வருவது கணினிக்கு.

“எனக்கு ஒண்ணும் பயமில்ல சார். மெசினு வாயைத் தொறக்கணும், அம்புட்டுத்தான். மிச்சத்த நான் பாத்துக்குவேன்” என்றார்.

அவரை அக்காவிடம் அழைத்துப்போனேன். அக்கா எழுந்து நின்று நாற்காலியை அவர் கை தொடும் தூரத்தில் போட்டார். “இங்குட்டு உக்காருங்க தம்பி” என்றார். பிறகு வழக்கம்போல விரலைத் தூக்கினார்.

ஒலிவிழியின் பக்கத்தில் எல்லாப் பதிப்புகளும் ஒரே பட்டியலாகக் கிடந்தன. முதலில் 4.1, அதன் கீழே 4.10, அதன் கீழே 4.2, பிறகு 4.3 என்று போய், அடியில் 4.9. தளத்தை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள் போலும், எல்லாவற்றுக்கும் ஒரே தேதி. எடையில் மட்டும் வித்தியாசம் இருந்தது. 4.9 அதிகம், 4.10 குறைவு.

“தேதி உதவல. ஆனா வரிசையில கடைசி நாலு தொள்ளாயிரம். எடையும் அதுதான் கூட. மேல இருக்குற ரெண்டும் நாலு நூறு, ஒண்ணுல சும்மா சைபர் போட்டிருக்கானுக. பழசு, நாலுக்குப் பக்கத்துலயே நிக்குது பாருங்க” என்றார் அக்கா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

4.9-ஐப் போட்டார். லேப்டாப் உடனே ஆங்கிலத்தில் கடகடவென்று பேச ஆரம்பித்தது. முருகானந்தம் சிரித்தார். பிறகு தமிழ்க் குரலைப் போட்டபோது ஒரு சிறு கட்டம் வந்து நின்றது. ‘இந்தக் குரலுக்கு ஒலிவிழி 4.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை.’

“நாலு நூறு கேக்குது” என்றார் அக்கா. “நாம போட்டது நாலு தொள்ளாயிரம். எண்ணூறு கூடவே இருக்கே. பெறகு என்னத்துக்கு மாட்டேங்குது?”

இன்னொரு முறை போட்டார். அதே கட்டம்.

தன் கணக்கில் பிழை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தமிழ்க் குரல்தான் போலி என்று முடிவு செய்தார். தேடியபோது அதே பெயரில் வேறு தளங்களும் வந்தன. ஒன்றில் ‘ஒரிஜினல்’ என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் சந்தேகம் உறுதியாகிவிட்டது. ஒரிஜினல் என்று யார் சொல்லிக்கொள்கிறார்கள், தேவை இருப்பவன்தானே என்றார். அந்த வாரம் முழுவதும் நானும் முருகானந்தமும் அலுவலகம் விட்டதும் படியேறினோம். அக்கா ஒவ்வொரு குரலாகத் திறந்து, யார் செய்தது, எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்து, எதையும் போடாமல் மூடினார். வேறு வேலைகளைத் தள்ளிவைத்திருந்தார். மேசையில் மற்றவர்களின் லேப்டாப்புகள் அடுக்காக ஏறிக்கொண்டே போயின.

சனிக்கிழமை மதியமாகிவிட்டது. எதிர்க் கடைக்குப் போய்விடலாமா என்று முருகானந்தத்தின் காதில் மெதுவாகக் கேட்டேன்.

“கேட்டுச்சு சார்” என்றார் அக்கா. “போறதுன்னா போங்க. அங்கன கண்ட குரலையும் ஏத்தி விடுவாக. திங்கக்கிழமை செயலாளர் முன்னாடி அது லாட்டரி விளம்பரம் படிக்கும். தம்பி வேலை போயிரும்.”

“இப்புடியே உக்காந்திருந்தாலும் வேலை போயிரும்க்கா” என்றார் முருகானந்தம். குரலில் கோபம் இல்லை. அக்காவின் விரல் அந்தரத்திலேயே நின்றது.

முருகானந்தம் சும்மா இருக்கப் பிடிக்காமல் தன் கைபேசியில் அதே பக்கத்தைத் திறந்து காதில் வைத்துக்கொண்டார். விரலால் தள்ளத் தள்ள அது ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தது. கொஞ்சநேரம் கழித்து நிமிர்ந்தார்.

“அக்கா, நீங்க ஒரு வாரமா நாலு நூறு, நாலு நூறுங்கிறீக. நானும் மேலேயும் கீழேயும் தேடிட்டேன். இந்தப் பக்கத்துல நாலு நூறுன்னு ஒண்ணுமே இல்லையே?”

“இருக்கு தம்பி. ரெண்டாவது வரி.”

“ரெண்டாவது வரியில நாலு புள்ளி பத்துன்னுல்ல சொல்லுது?”

“அதான். நாலு நூறு.”

“இல்லக்கா. பத்து.”

கைபேசியைக் காதிலிருந்து எடுத்துச் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார். ‘ஒலிவிழி, நாலு புள்ளி பத்து’ என்றது அது.

“இன்னொருக்கச் சொல்லச் சொல்லுங்க” என்றார் அக்கா.

‘ஒலிவிழி, நாலு புள்ளி பத்து.’

“நாலு புள்ளி எட்டு, நாலு புள்ளி ஒம்பது, நாலு புள்ளி பத்து. ஒம்பதுக்கு அடுத்தது பத்துதானேக்கா? நாலாவது தெரு, பத்தாம் நம்பர் வீடுங்கிற மாதிரி. அந்தப் புள்ளி நடுவுல ஒரு வேலி. இந்தப் பக்கம் ஒரு எண்ணு, அந்தப் பக்கம் ஒரு எண்ணு. இது எடையில்லக்கா.”

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். கயிற்றில் அது நெஞ்சில் வந்து விழுந்தது. கண்ணாடி இல்லாமல் திரையை ஒரு முறை பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு அது தெரிந்திருக்காது.

“பத்தாம் நம்பர் வீட்டை ஒண்ணாம் நம்பருக்குப் பக்கத்துல வச்சிருக்கானுகளே, படுபாவிக” என்றார். கொஞ்சம் பொறுத்து, “எடை ஏன் கம்மி?” என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

“வேண்டாததைக் கழிச்சிருப்பாக. வயசான பெறகு நானுந்தான் இளைப்பேன்” என்றார் முருகானந்தம்.

அக்கா அதற்குச் சிரிக்கவில்லை. “எத்தனை பேருக்குப் பத்தை நூறுன்னு சொல்லித் தள்ளிவிட்டேனோ” என்று மெல்லச் சொன்னார். மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 4.9-ஐ எடுத்துவிட்டு 4.10-ஐப் போட்டார். அதன்மேல் தமிழ்க் குரலைப் போட்டார். முதல் நாள் முதல் போலி என்று ஒதுக்கிவைத்திருந்த அதே குரல். இந்த முறை கட்டம் வரவில்லை. லேப்டாப் ஒரு பெண் குரலில் ‘தமில் குரல் தயார்’ என்றது.

“நம்ம ஊருக்காரிதான்க்கா. ழ வரல” என்றார் முருகானந்தம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேல் செயலாளர் அறைக்குப் போகும் வழியில் அக்காவைக் கல்லூரி நடைக்கூடத்தில் பார்த்தேன். அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை. அதற்குமுன் அவர் எங்கள் கல்லூரிக்குள் வந்ததில்லை.

“கடை தொறக்கலையாக்கா?”

“கரண்டு இல்ல” என்றார். நான் வரும் வழியில் பாத்திரக்கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லவில்லை.

அறைக்குள் செயலாளர், முதல்வர், நான், முருகானந்தம். கதவைச் சாத்தினார்கள். முருகானந்தம் லேப்டாப்பைத் திறந்ததும் அது எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தது: ‘புதிய பதிப்பு உள்ளது. ஒலிவிழி ஐந்து பீட்டா. இப்போதே நிறுவவா?’

“புதுசு வந்திருக்காம். போட்டுக்கங்களேன், நாங்க இருக்கோம்” என்றார் செயலாளர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பீட்டா என்றால் இன்னும் வேகாதது என்று அக்கா சொல்லி நான் கேட்டிருக்கிறேன், முருகானந்தம் கேட்டிருக்கிறாரா என்று தெரியாது.

“முழுசா முடிக்காத ஒண்ணுக்குப் பேரு அது சார். இப்ப இருக்கறது போதும்” என்று முருகானந்தம் ஒரு விசையைத் தட்டினார். அறிவிப்பு மறைந்தது.

அன்று காலை வந்த மின்னஞ்சல்களில் ஒன்றைச் செயலாளர் திறந்து கொடுத்தார். தேவகோட்டையிலிருந்து ஒரு தகப்பனார், மகளின் மாற்றுச் சான்றிதழ் தொலைந்துவிட்டது, நகல் பெற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். நீண்ட கடிதம். தொலைந்தது எப்படி என்பதே பாதிப் பக்கம் இருந்தது. லேப்டாப் அதை நிறுத்தாமல், சான்றிதழைச் சான்றிதல் என்று சொல்லிச் சொல்லிப் படித்து முடித்தது. முதல்வர் ஓரிடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டார். முருகானந்தம் இரண்டாவது பத்தியை மட்டும் மறுபடி படிக்கவிட்டுக் கேட்டார். பிறகு இரண்டு கைகளையும் விசைகளின் மேல் வைத்தார்.

பதில் சின்னதாக இருந்தது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் சான்றை இணைக்க வேண்டும், எந்த விண்ணப்பம், எந்த நேரத்தில் வர வேண்டும் என்று நாலே வாக்கியம். அதற்குப் பிறகு, நேரில் வரும்போது மகளையும் அழைத்துவரத் தேவையில்லை என்று ஒரு வாக்கியம் கூடுதலாகச் சேர்த்திருந்தார். செயலாளர் அதை இரண்டு முறை படித்தார்.

“இதை நான் சொல்லலையே?” என்றார்.

“அந்தப் பிள்ளைக்கு உடம்பு முடியலைன்னு ரெண்டாவது பத்தியில எழுதியிருக்காரு சார். அதுக்காகத்தான்.”

செயலாளர் என்னைப் பார்த்தார். “நாளையிலேருந்து தபால் பிரிவுல உக்காரச் சொல்லுங்க” என்றார்.

நான் வெளியே வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. கேட் வரை போய்ப் பார்த்தேன். காவலாளி, அந்த அம்மா அப்போதே ஆட்டோவில் ஏறிவிட்டார் என்றார். முடிவு தெரியாமல் எப்படிப் போனார் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. கைபேசியில் அழைத்தேன். பின்னால் யாரோ எதையோ விசாரிக்கும் சத்தம் கேட்டது. கடைக்குப் போய்விட்டிருந்தார்.

“முருகானந்தத்துக்கே குடுத்துட்டாகக்கா” என்றேன்.

“தெரியும் சார்.”

“யாரு சொன்னது? நான் இப்பத்தானே வெளிய வாரேன்.”

“கதவு சாத்தியிருந்துச்சு. சொன்ன வார்த்தை ஒண்ணும் பிடிபடல. அந்தப் பொம்பள குரல் நின்னுச்சு. மறுபடியும் மாட்டேன்னுருச்சோன்னு எந்திரிச்சுட்டேன். பெறகு தம்பி தட்டுற சத்தம் கேட்டுச்சு. நிக்காம, தடுமாறாமத் தட்டுனாரு. படிச்சது வெளங்காத ஆளு அப்புடித் தட்ட மாட்டாரு” என்றார். “அதுக்கப்புறம் அங்கன உக்காந்து என்ன சார் கேக்குறது? கடையில ஆளு நிக்கும்ல?”